ஆக்சுவல் சைஸ் (படநூல்)

ஆக்சுவல் சைஸ் (2004) அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான ஸ்டீவ் ஜென்கின்ஸ் குழந்தைகளுக்காக உருவாக்கிய அறிவியல் படநூல். மிகப் பெரிய, மிகச் சிறிய விலங்குகளை அவற்றின் உண்மையான அளவிலேயே வரைந்து காட்டுவதால் குறிப்பிடத்தக்கது.

ஆசிரியர்

ஸ்டீவ் ஜென்கின்ஸ் (1952–2021) வட கரோலினாவில் பிறந்தார். வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிப் படம் அமைப்பது அவரது முறை. விலங்குலகச் சாதனைகளைப் பற்றி 1995-ல் 'பிக்கஸ்ட், ஸ்ட்ராங்கஸ்ட், ஃபாஸ்டஸ்ட்' என்ற நூலை வெளியிட்டார். மனைவி ராபின் பேஜுடன் இணைந்து உருவாக்கிய நூல் ஒன்று 2004-ல் கால்டிகாட் சிறப்புத் தகுதி பெற்றது.

உள்ளடக்கம்

கொரில்லாவின் கை, ராட்சதக் கணவாயின் கண், சைபீரியப் புலியின் முகம், ஆப்பிரிக்க யானையின் பாதம் எனப் பக்கத்தில் அடங்கும் உறுப்பு மட்டும் வரையப்பட்டுள்ளது. முதலையின் தலைக்குப் பக்கத்தை மடிப்பு விரித்துப் பார்க்க வேண்டும். நூலின் இறுதியில் விலங்குகளின் முழு உருவமும் கூடுதல் செய்திகளும் உள்ளன.

மதிப்பீடு

சாதனை விலங்குகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் எண்களை அடுக்குகின்றன. எத்தனை டன், எத்தனை மீட்டர் என்பவை சிறு குழந்தையின் மனதில் உருவம் பெறுவதில்லை. இந்நூலில் குழந்தை கொரில்லாவின் கைமேல் தன் கையை வைத்துப் பார்க்கலாம். அங்கே அளவுகோல் குழந்தையின் உடலே. பாதத்தைக் கண்டு யானையின் உயரத்தைத் தானே ஊகிக்கவும் நூல் இடமளிக்கிறது.

'மிக' என்ற சொல் நிலையானதல்ல என்பதை நூல் சொல்லாதது அதன் குறை. மிகச் சிறிய மீனாக இந்நூல் காட்டுவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள கோபி வகை மீன். 2006-ல் சுமத்ராவின் சதுப்புநிலத்திலிருந்து 7.9 மி.மீ. நீளத்தில் முதிர்ச்சியடையும் மீனினம் அறிவிக்கப்பட்டது. 2012-ல் பப்புவா நியூ கினியின் 7.7 மி.மீ. தவளை மிகச் சிறிய முதுகெலும்பியாக விவரிக்கப்பட்டது. முந்தைய நூல் உடல் அளவை வைத்து எறும்பை மிக வலிமையானது என்றது. சாண வண்டு ஒன்று தன் எடையைப்போல் 1,141 மடங்கை இழுக்கும் என 2010-ல் ஓர் ஆய்வு கூறியது. வலிமை என்பது தூக்குவதா, இழுப்பதா என்ற கேள்வி இத்தகைய நூல்களில் எழுவதில்லை. அளந்தவர் யார், எப்போது, எதை அளந்தார் என்ற ஒரு வரி சேர்ந்தால், சாதனைப் பட்டியல் அறிவியல் பாடமாகிவிடும்.

இந்நூலைக் கைபேசித் திரையிலோ சுருக்கிய நகலிலோ காட்டினால் கொரில்லாவின் கை கட்டைவிரல் அளவாகிவிடும். தலைப்பே பொய்யாகும். வகுப்பில் அச்சு நூலையே பயன்படுத்த வேண்டும். அளவுகள் அங்குலத்திலும் அடியிலும் இருப்பதால், மாணவர்கள் அளவுகோலால் படத்தை அளந்து சென்டிமீட்டரில் எழுதுவது நல்ல பயிற்சி.

தகவல்களில் சில பழையனவானாலும், அளவை உணரவைக்கும் முறையால் இந்நூல் தன் வகையில் முதன்மையான ஒன்றாகக் கருதத்தக்கது.