அடிக்கப்பட்ட பந்தி

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை உரைநடையின் உச்சங்களுள் ஒன்றாகப் போற்றுவோர் பலர். அப்புகழை நாம் மறுக்கவில்லை. முடியாட்சி கோலோச்சிய உலகில், மனிதர் யாவரும் சமம் என 1776இல் எழுதியது வரலாற்றின் முன்னேற்றப் படிகளுள் ஒன்றே. ஆயின், இறுதி வடிவத்தை மட்டும் கொண்டு அதனை மதிப்பிடுவது நிறைவான விமர்சனம் ஆகாது.

இறுதி வடிவம் வாஷிங்டன் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் தோற்சுவடியாகப் பேணப்படுகிறது. அதே நகரின் காங்கிரஸ் நூலகத்தில் தோமஸ் ஜெபர்சன் கைப்பட எழுதிய வரைவு உள்ளது. அடிமை வணிகத்துக்காக மன்னன் மூன்றாம் ஜோர்ஜைச் சாடும் நீண்ட பந்தி ஒன்று அதில் உண்டு. விற்கப்படுவோரும் மனிதரே என்று உணர்த்த, 'மனிதர்' என்னும் சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வரைந்தார் ஜெபர்சன். கண்டப் பேரவை அப்பந்தியை முற்றாக நீக்கியது. தென் கரோலினாவையும் ஜோர்ஜியாவையும் திருப்திப்படுத்தவே அது நீக்கப்பட்டதென்றும், அவ்வணிகத்திற் கப்பலோட்டிய வடபகுதியினரையும் அது உறுத்தியதென்றும் அவரே பின்னர் எழுதினார்.

அப்பந்தியும் மாசற்றதன்று. வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர், பழி முழுவதையும் மன்னன் தலையிற் சுமத்தினார். அதே அடிமைகளை மன்னன் ஆயுதமேந்தத் தூண்டுவதாகவும் முறையிட்டார். வேர்ஜீனியாவின் ஆள்பதி டன்மோர், கிளர்ச்சிக்காரரின் அடிமைகள் பிரித்தானியப் படையிற் சேர்ந்தால் விடுதலை பெறுவர் என 1775 நவம்பரில் அறிவித்திருந்தார். அடிமைகளை வைத்திருந்த டன்மோருக்கு அது போர்த்தந்திரமே. அடிமை வணிகம் பற்றிய கண்டனம் மறைந்தது. உள்நாட்டுக் கலகத்தைத் தூண்டினான் என்ற முறைப்பாடு மட்டும் இறுதி வடிவத்தில் நிலைத்தது. அடிமையின் துயருக்கு அங்கே இடமில்லை. அவன்மீது கொண்ட அச்சத்துக்கு இடமுண்டு.

மூன்றாவது ஆவணமொன்றையும் நாம் படிக்க வேண்டும். 1783இல் நியூயோர்க்கை விட்டகன்ற பிரித்தானியர், தம்முடன் கப்பலேறிய ஏறக்குறைய 3,000 கறுப்பு மக்களின் பெயர்களைப் பதிந்தனர். அவர்களுள் ஒருவர் ஹரி வாஷிங்டன், வயது 43, ஜெனரல் வாஷிங்டனின் முன்னாள் அடிமை, எசமானை நீங்கி ஏழாண்டுகள். அதாவது, பிரகடனம் பிறந்த ஆண்டிலேயே அவர் தமது விடுதலையைத் தேடிக்கொண்டார். 1792இல் சியெரா லியோனுக்குச் சென்ற அவர், 1800இல் அங்கே கம்பனி விதித்த நிலவரியை எதிர்த்தெழுந்தோருடன் நின்று நாடுகடத்தப்பட்டார். வரியை எதிர்த்த பண்ணையார்கள் தேசபிதாக்களாயினர் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

பிரகடனத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் அடிக்கப்பட்ட பந்தியையும் இப்பதிவேட்டையும் அதனருகே வைப்பார்களாக. சமத்துவம் என்ற சொல்லின் முழுப்பொருள் அப்பொழுதே மாணவருக்குப் புலனாகும்.