போர்க்காலச் செய்திப்படச் சுவரொட்டிகள்

பழைய திரைப்படச் சுவரொட்டிகளைத் தேடித் தொகுப்போர் மேலைநாடுகளில் பலர் உளர். அவருள்ளும் இரண்டாம் உலகப் போர்க்காலச் செய்திப்படங்கள், போர்ப் பதிவுப் படங்கள் ஆகியவற்றின் விளம்பரத் தாள்களையே நாடுவோர் ஒரு சிறு கூட்டத்தார். “அரசினரின் பரப்புரையைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுவானேன்?” என்று அவரை வினவுவாரும் உண்டு. அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் அத்தாள்கள் பிறந்த வகையை அறிந்த பின்னரே அதற்கு விடை கூறுதல் முறை.

போர்க்கால அமெரிக்காவில் ஐந்து நிறுவனங்கள் வாரம் இருமுறை செய்திப்படங்களை வெளியிட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும். மூன்று நான்கு நாளில் பழையதாகிவிடும். இத்துணைக் குறுகிய வாழ்நாளுடையதற்கு ஒவ்வொரு முறையும் தனி ஓவியம் தீட்டி அச்சிடுவது எங்ஙனம் கட்டுப்படியாகும்? தனிச் சுவரொட்டி பெறும் பேறு பெரும்பாலும் நீண்ட போர்ப் பதிவுப் படங்களுக்கே வாய்த்தது. ஜான் போர்டு எடுத்த ‘பேட்டில் ஆப் மிட்வே’ (1942), ராய் போல்டிங் உருவாக்கிய ‘டெசர்ட் விக்டரி’ (1943) போன்றவை அவ்வகையின.

இவற்றுள் ‘டெசர்ட் விக்டரி’ ஆராயத்தக்க ஒன்று. எல் அலமெயின் போரைக் காட்டும் அப்படத்துக்காகப் படைப்பிரிவுப் படப்பிடிப்பாளர் போர்முனைக்கே சென்றனர். சிலர் உயிரும் துறந்தனர். எனினும் இரவுத் தாக்குதலின் அண்மைக் காட்சிகள் சில இங்கிலாந்தின் பைன்வுட் படநிலையத்தில் நடிக்கப்பெற்றவை. உண்மையும் ஒப்பனையும் ஒரே படச்சுருளில் கலந்திருந்தன என்க. சுவரொட்டியின் நிலை இதனினும் வேறு. படத்தை எடுத்தவன் போர்க்களத்தையேனும் கண்டவன். விளம்பர ஓவியனோ பெரும்பாலும் அதனைக் காணாதவன். பல்லைக் கடித்த வீரன், செந்தழல், சாய்ந்த பேரெழுத்து ஆகியவற்றைக் கதைப்படங்களுக்குத் தீட்டிய பழக்கத்தாலேயே இதற்கும் தீட்டினான். 1944-இல் வெளிவந்த ‘வித் தி மரீன்ஸ் அட் தராவா’ என்னும் படம் கடல்நீரில் மிதக்கும் அமெரிக்க வீரர் உடல்களைக் காட்டியது. அதற்குக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் இசைவே வேண்டியிருந்தது. விளம்பரத் தாளின் மரபிலோ பிணத்துக்கு இடமே இல்லை. வாயிலில் வெற்றியைக் கண்டு நுழைந்தவன் உள்ளே சாவைக் கண்டான். இவ்விடைவெளியை அளந்தறிவதற்குத் தாள் வேண்டும். தாளை எரித்துவிட்டால் அளப்பதெங்ஙனம்?

ஆதலின் தொகுப்பது குற்றமன்று. படத்தைப் பாராமல் தாளை மட்டும் தொகுப்பதே குறை. வண்ணத்தைப் புகழ்ந்து விலையைப் பேசுவோர் பலர். படத்தைத் தேடிப் பார்த்தோர் சிலரே.

இத்தாள்கள் அரியவாயினமைக்குக் காரணம் உண்டு. 1940 முதல் அமெரிக்கத் திரைப்பட விளம்பரத் தாள்களின் விநியோகம் பெரும்பாலும் ‘நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்’ என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. தாள் தன் உடைமை என்றும், படம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்றும் அடியில் அச்சிட்டே அந்நிறுவனம் அனுப்பியது. கொட்டகைக்காரர் திருப்பினர், அல்லது கிழித்தெறிந்தனர். எஞ்சியவற்றுட் பல போர்க்காலக் கழிவுத்தாள் திரட்டலில் கூழாயின. அந்நிறுவனம் அடியில் அச்சிட்ட ஆண்டெண்ணும் வரிசையெண்ணும் இன்று தொகுப்போர்க்குப் பெருந்துணை. எண்ணுக்கு முன் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து இருப்பின் அது மறுவெளியீட்டுத் தாள். விற்போன் சொல்லை நம்புவதினும் இவ்வெண்ணை நோக்குவது நன்று.

இனி, புதுக்கும் வழக்கம் பற்றி ஒன்று. 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் உடைய அத்தாள் குறுக்கே மும்முறையும் நெடுக்கே ஒருமுறையும் மடிக்கப்பெற்றே அஞ்சலில் சென்றது. இன்று அதனைத் துணிமீது ஒட்டி வலுப்படுத்துகின்றனர், இது வேண்டத்தக்கதே. ஆனால் மடிப்புக் கோடுகளின்மேல் வண்ணம் பூசி, ஊசித் துளைகளை அடைத்து, நேற்று அச்சிட்டது போலாக்குவாரும் உளர். அங்ஙனம் செய்தபின் அது 1943-இல் எந்தக் கொட்டகையிலும் தொங்காத தாளாகிவிடுகிறது. அயலூர்க் கொட்டகைக்காரன் ஒருவன் உறையைப் பிரித்து, மடிப்பு நீக்கி, நான்கு மூலையிலும் ஊசி குத்தினான் என்பதற்கு அத்துளைகளன்றி வேறு சான்றில்லை.