மணப்பதிவு அட்டவணையும் கொங்கு வம்சாவளியும்

திருமணப் பதிவேடு வேறு, அதன் பெயர் அட்டவணை வேறு. பதிவேட்டில் மணமக்களின் வயது, தந்தை பெயர், ஊர், சாட்சிகள், மணம் நடந்த நாள் எல்லாம் இருக்கும். அட்டவணை பெயரையும் ஆண்டையும் எண்ணையும் மட்டும் சொல்லி, எந்தப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும் என்று காட்டும். வம்சாவளி தேடுவோர் இந்த வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகின்றனர். அட்டவணையில் ஒரு பெயர் அகப்பட்டதும் கொள்ளுத்தாத்தாவே அகப்பட்டுவிட்டதாக மகிழ்கின்றனர்.

இந்தத் தேடல் முறை செழித்த இடம் இங்கிலாந்து. அங்கே 1837 ஜூலை 1 முதல் அரசு திருமணங்களைப் பதிந்து, காலாண்டுதோறும் அட்டவணை தொகுத்தது. 1912இலிருந்து ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் துணையின் குடும்பப் பெயரும் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், ஒரே தொகுதி எண்ணும் ஒரே பக்க எண்ணும் கொண்ட ஆண் பெயரையும் பெண் பெயரையும் பொருத்திப் பார்த்துத் தம்பதியை ஊகிக்க வேண்டும். இந்த முறைக்கு அடிப்படை இரண்டு: ஏறக்குறைய எல்லா மணங்களும் பதிவாகியிருக்க வேண்டும், தலைமுறைகள் மாறினாலும் குடும்பப் பெயர் மாறாதிருக்க வேண்டும். கொங்குப் பகுதியின் திருப்பூர், அவினாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் இவ்விரண்டும் இல்லை. அட்டவணையின் குறைகளாக இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இதிலிருந்தே பிறக்கிறது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பதிவுக்கு வழி செய்தது. ஆனால் பதியாததால் மட்டும் மணம் செல்லாமல் போகாது என்றும் சொன்னது. முகூர்த்தக்கால் நட்டு, இணைச்சீர் முடித்து, அருமைக்காரர் முன்னின்று நடத்த, மங்கல வாழ்த்துப் பாடி ஊரறிய நடந்த கல்யாணத்துக்குச் சார்பதிவாளரின் முத்திரை எதற்கு என்றுதான் குடும்பங்கள் நினைத்தன. திருமணப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறிய பிறகே நிலைமை மாறியது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24இல் நடைமுறைக்கு வந்தது. மணமான 90 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்றது. ஆகவே, இப்பகுதியின் இந்துக் குடும்பங்களுக்கு 1955க்கு முன் தேடத்தக்க அரசு அட்டவணை அநேகமாக இல்லை. 1955க்கும் 2009க்கும் இடையில் உள்ளதும் ஒரு சிறு பகுதிதான்.

அந்தச் சிறு பகுதியும் ஊரின் நேர்மையான மாதிரி ஆகாது. வெளிநாடு செல்ல ஆவணம் வேண்டியவர்கள், பெற்றோர் எதிர்ப்பை மீறி மணந்தவர்கள், சொத்துச் சிக்கலை எதிர்பார்த்தவர்கள் எனச் சான்று தேவைப்பட்டவர்களே அதிகம் பதிந்திருப்பர். சுயமரியாதைத் திருமணங்கள் இதில் தனி வகை. புரோகிதரும் சடங்கும் இல்லாத அந்த மணங்களை நீதிமன்றம் ஏற்க மறுத்த காலம் உண்டு. 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7-ஏ பிரிவுதான் அவற்றுக்குச் சட்டத் தகுதி தந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதை மணங்களைத் தேட, 1925இல் ஈரோட்டிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘குடி அரசு’ இதழின் மணச் செய்திகள் எந்த அட்டவணையையும்விடப் பயன்படும். அட்டவணையில் பெயர் இல்லை என்றால் பதிவு இல்லை என்பதே பொருள். மணம் நடக்கவில்லை என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

பதிந்த நாளும் மணநாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அடுத்த சிக்கல். 1974இல் நடந்த கல்யாணம் 1998ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கலாம். ஆண்டுவாரி அட்டவணையில் மணநாளை ஒட்டி ஐந்தாறு ஆண்டுகள் மட்டும் புரட்டுவோருக்கு அது தென்படாது. மாவட்ட எல்லைகளும் மாறியபடியே இருந்தன. தாராபுரமும் காங்கேயமும் முதலில் கோவை மாவட்டம், 1979இல் பெரியார் மாவட்டம், பிறகு ஈரோடு, 2009இல் திருப்பூர். உடுமலையும் பல்லடமும் கோவையிலிருந்து நேரே திருப்பூருக்கு வந்தவை. ‘திருப்பூர் மாவட்டம்’ என்று குறித்துக்கொண்டு பழைய தொகுப்புகளில் தேடுபவர், அந்தப் பெயரில் மாவட்டமே இல்லாத காலத்தில் அதைத் தேடுகிறார்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பெயர். கொங்கு வீடுகளில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம். நா. குப்புசாமியின் மகன் கு. நாச்சிமுத்து, அவர் மகன் மறுபடியும் நா. குப்புசாமி. ஐம்பது ஆண்டு இடைவெளியில் அட்டவணை இருவரையும் ஒரே ஆளாகக் காட்டும். பழனிசாமி, பழனிச்சாமி என்று தமிழிலேயே எழுத்து மாறும். ஆங்கிலத்தில் எழுதிய ஏடுகளில் எழுத்தருக்கு எழுத்தர் மாறும். தலைமுறைகளைக் கோத்துக் காட்டும் பெயர் ஒன்று இச்சமூகத்துக்கு உண்டு. ஆனால் அது அட்டவணையில் ஏறுவதில்லை. கொங்கு வேளாளரிடையே செங்கண்ணன், பயிரன், ஆந்தை, ஓதாளன் என்னும் கூட்டப் பெயர்கள் தந்தை வழியில் மாறாமல் வருகின்றன. ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை. கலைக்களஞ்சியம் தொகுத்த பெரியசாமித் தூரன் போலக் கூட்டப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்கள் அரிது. கூட்டமும் அதன் பூர்வ உரிமை ஊராகிய காணியும் தெரியாமல் அட்டவணையில் இறங்குவது வீண் வேலை.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் மணப்பதிவைத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம் பெண்கள். குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் கருப்பாத்தாள் இன்னாரின் மனைவி. அவர் இன்னாரின் மகள், இன்ன ஊரில் பிறந்தவர் என்பதைச் சொல்லும் ஆவணங்கள் மிகச் சில; மணப்பதிவு அவற்றில் ஒன்று. தாய்வழியை ஒரு தலைமுறை மேலே கொண்டுசெல்லும் திறப்பு அது. சொத்துரிமையிலும் மணநாளுக்குத் தனி எடை உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு தந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன் மணமானவர்களை விலக்கியது. 2005இன் மத்தியத் திருத்தம் வரும்வரை, ஒரு பெண்ணின் கல்யாணத் தேதியே அவள் பங்கைத் தீர்மானித்தது. வழக்கு முளைத்த பிறகு பழைய தேதி குறித்துப் பதியப்பட்ட மணங்களை அந்தக் காரணத்தாலேயே ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும்.

கிறித்தவக் குடும்பங்களின் நிலை வேறு. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குதோறும் மணப்பதிவேடு வைக்கப் பணித்தது. கருமத்தம்பட்டி போன்ற பழைய கத்தோலிக்கப் பங்குகளைச் சேர்ந்த குடும்பங்களுக்கு அரசு ஏட்டைவிடப் பங்கு ஏடே முதல் ஆதாரம். அதில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு செல்வம் உண்டு. முறைப்பெண்ணை மணப்பது நம் வழக்கம். திருச்சபைக்கோ அது தடைசெய்யப்பட்ட உறவு. எனவே விலக்கு பெற வேண்டும். விலக்கு பெற்றதை ஏட்டில் எழுத வேண்டும். உறவின் நெருக்கம் அங்கே குறிக்கப்பட்டால், அந்த ஒரு வரியே மணமக்களின் பொதுப் பாட்டன் பாட்டியை நோக்கி வழி காட்டிவிடும். அட்டவணையில் இந்த வரி வராது. மூல ஏட்டைப் பார்த்தவருக்கே கிடைக்கும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள சென்னை மாகாணத் திருச்சபைப் படிகளின் அட்டவணை முக்கியமாக ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியது. ‘ஃபேமிலி சர்ச்’ தளத்தின் 1792–1948 இந்தியத் திருமண அட்டவணையும் எந்த ஊருக்கும் முழுமையானதன்று. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு வலி (மணப்பெண்ணின் பொறுப்பாளர்), மஹர் (மணக்கொடை), சாட்சிகள் வரை சொல்லும். ஆனால் பெயர் அட்டவணை இருக்காது. தோராயமான ஆண்டு தெரிந்தால்தான் புரட்ட முடியும்.

அரசு ஏடு மெலிந்திருக்கும் இடத்தில் ஊர் தன் கணக்கை வைத்திருந்தது. மொய் நோட்டு அதில் முதன்மையானது. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் பெயரோடு ஊரும் தோட்டமும் துல்லியமாக எழுதப்படும். ஒரே பெயருள்ள நான்கு சுப்பிரமணியங்களைப் பிரித்தறிய இதைவிட நல்ல சான்று இல்லை. உறவுமுறையை அது பெரும்பாலும் சொல்லாது. பெண்கள் பெயர் அரிது. கணக்குத் தீர்ந்ததும் நோட்டு கரையானுக்குப் போகும். காணிக் கோயில்களின் தலைக்கட்டு வரிப் பட்டியல் குடும்பங்களை வரிசையாகத் தரும், ஆண் தலைவர்களை மட்டும். புலவர் செ. இராசு தொகுத்த கொங்கு சமுதாய ஆவணங்களில் குலகுருக்களுக்குரிய வரி உரிமைகளைக் கூறும் பட்டயங்கள் உள்ளன. கூட்டத்தின் வரலாற்றுக்கு அவை உதவும், தனி மனிதரின் மணத்துக்கு உதவா.

இவற்றுக்கு இடையில் நிற்கக்கூடியது பத்திரப் பதிவு. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு அலுவலகம் சொத்து ஆவணங்களுக்கு ஆள் பெயர் அட்டவணையும் சொத்து அட்டவணையும் தனித்தனியே வைக்கிறது. யாரும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகளும், விடுதலைப் பத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகள்களும் கணவர் பெயரோடும் ஊரோடும் வரிசையாக நிற்பர். நிலமுள்ள கொங்குக் குடும்பத்துக்கு மணப்பதிவு அட்டவணையைவிட இது பல மடங்கு பயன் தரும் என்பதில் ஐயமில்லை. நிலமற்றவர்களுக்கு இந்த வழியும் இல்லை; மாதாரி, பறையர் குடும்பங்களின் மணங்கள் பண்ணைக் கணக்கில்கூடப் பெயரில்லாமல் போயிருக்கின்றன.

பின்னலாடைத் தொழில் வளர்ந்தபின் வந்து குடியேறியவர்களுக்குத் தேடும் இடமே மாறுகிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் கல்யாணத்துக்குச் சொந்த ஊருக்கே போயினர். 2009ஆம் ஆண்டுச் சட்டமும் முதலில் மணம் நடந்த இடத்தில்தான் பதியச் சொன்னது. மணமக்கள் வசிக்கும் ஊரிலும் பதியலாம் என்ற திருத்தம் 2020இல் வந்தது. எனவே இக்குடும்பங்களின் மணம் திருப்பூர் அட்டவணையில் இல்லாதது இயல்பு. குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்று கேட்டு, அந்த ஊருக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து அவர்கள் தேடலைத் தொடங்க வேண்டும்.