துணையும் ஆட்சியும்: ஏவாள் வரலாறு தமிழிற் பெற்ற வடிவம்

ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியை உண்டு வீழ்ந்த வரலாற்றினைத் தமிழ் கற்பார் பெரும்பாலும் ஒரு கதைக்கருவாகவே காண்பர். அவ்வரலாற்றிலுள்ள ஒரு தொடர், கணவன் மனைவி உறவினைப் பற்றிக் கிறித்தவ உலகில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு மேலாக நடந்துவரும் வழக்கிற்கு அடியாயிற்று என்பதனை அவர்கள் கருதுவதில்லை. எம்மிடம் பயிலும் மாணவி ஒருவர் ஒருநாள் ஒரு வினா எழுப்பினார். அவர்தம் தமக்கையின் திருமணத்தில் அருளுரை ஆற்றிய ஒருவர், ஏவாள் செய்த பிழையின் பொருட்டுப் பெண் கணவனுக்கு அடங்கி நடத்தல் இறைவன் இட்ட கட்டளை என்றாராம். "ஆள்வான் என்பது கட்டளையாகுமா, ஐயா?" என்பதே வினா. இலக்கண வகுப்பிற் கேட்கத்தக்க வினாவாதலின் அதனை இலக்கணங்கொண்டே ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் வழக்கு இன்னதென அறிதல் வேண்டும். நான்காம் நூற்றாண்டினரான கிறிசோசுத்தோம், பெண் ஆணுக்கு நிகரான மதிப்புடன் படைக்கப்பட்டாள் என்றும், அடங்குநிலை வீழ்ச்சிக்குப் பின் வந்தது என்றும் கொண்டார். அவர்க்குச் சற்றுப் பிற்பட்ட அகுசுத்தீன், வீழ்ச்சிக்கு முன்னரும் ஆணின் தலைமை இருந்தது. வீழ்ச்சி அதனை அடிமைநிலை ஆக்கிற்று என்றார். முன்னவர் கொள்கைப்படி ஆணின் ஆட்சி நோயின் குறி. பின்னவர் கொள்கைப்படி படைப்பின் ஒழுங்கு. இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்பதே இற்றைநாள்வரை தீராத வழக்கு.

தமிழ் விவிலியம் இவ்வழக்கில் எப்பக்கம் நிற்கின்றது? என்றி பவர் தலைமையில் 1871 ஆம் ஆண்டில் நிறைவெய்திய மொழிபெயர்ப்பும், கத்தோலிக்கரிடையே வழங்கும் 1995 ஆம் ஆண்டுத் திருவிவிலியமும், ஏவாள் படைக்கப்படுமிடத்து அவளைக் குறிக்கத் 'துணை' என்னும் சொல்லையே ஆள்கின்றன. எபிரேய மூலத்தில் அவ்விடத்து நிற்கும் சொல் பெரும்பாலும் இறைவன் மாந்தர்க்கு அளிக்கும் உதவியைக் குறிக்க வருவது. 121 ஆம் சங்கீதத்தில் அதே சொல்லைப் பவர் மொழிபெயர்ப்பு 'ஒத்தாசை' என்றது. ஏவாளையும் ஒத்தாசை என்றிருப்பின் அவள் ஏவல் செய்வாள் ஒருத்தியாகவே தமிழர் செவிக்குப் பட்டிருப்பாள். துணை என்னும் சொல்லுக்கோ அவ்விழிவு இல்லை. மணவூரினின்று திருத்தணிகை செல்லும் வழியிற் கடைதோறும் வண்டிதோறும் 'முருகன் துணை' என எழுதியிருத்தலை யாரும் காணலாம். எழுதியவர் தம்மினும் தாழ்ந்தவனாக முருகனைக் கருதி அவ்வாறு எழுதினாரல்லர். மூலத்தின் உயர்ந்த பொருளைத் தாங்கவல்ல சொல் தமிழில் முன்னரே இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதனைத் தேர்ந்துகொண்டனர்.

இனி 'ஆளுதல்' என்னும் வினை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் இறைவன் ஆணும் பெண்ணுமாகிய இருவரையும் நோக்கி உயிரினங்களை ஆளும்படி ஏவுகின்றான். பவர் மொழிபெயர்ப்பில் அது 'ஆண்டுகொள்ளுங்கள்' என முன்னிலைப் பன்மை ஏவலாய் அமைந்துள்ளது. மூன்றாம் அதிகாரத்தில், வீழ்ச்சிக்குப் பின், அதே வினை 'ஆண்டுகொள்ளுவான்' எனப் படர்க்கை ஆண்பால் எதிர்கால வினைமுற்றாய் வருகின்றது. எபிரேயத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வினைகள். தமிழில் ஒன்றாயினமையால் மூலத்தில் இல்லாத ஓர் ஒளி கிடைத்துள்ளது: இருவர்க்கும் பொதுவாய் இருந்த ஆட்சி ஒருவன் கைப்பட்டது என்பது பால், எண், இடங்களாலேயே விளங்குகின்றது.

எதிர்கால முற்றும் சில இடங்களில் கட்டளைப் பொருள் தருமன்றோ எனின், தரும்; ஆயினும் இம்மொழிபெயர்ப்பாளர் கட்டளையைக் குறிக்க வேண்டுமிடத்து வியங்கோளைப் பலவிடத்தும் ஆள்பவர். பத்துக் கட்டளைகளில் 'செய்யாதிருப்பாயாக' என்றவாறு வருவன காண்க. 'ஆளக்கடவன்' என்றெழுத அவர்க்குத் தடையொன்றும் இருந்ததில்லை. மேலும், அதே பகுதியில் நிலம் முள்ளை முளைப்பிக்கும் என்றும் உள்ளது. மணவூர்க் கழனியிற் களை பறிப்போர் இறைவன் ஆணையை மீறுகின்றனர் என்று எவரும் கூறார். பேறுகால வேதனையைப் பற்றியோ அவ்வாறு கூறினாரும் உளர். 1847 ஆம் ஆண்டில் எடின்பரோவில் சிம்சன் என்னும் மருத்துவர் மகப்பேற்றின்போது குளோரோபாரம் அளித்தபொழுது சமயத்தின் பெயரால் எழுந்த தடைக்கு அவர் நூலெழுதி விடைகூற வேண்டியிருந்தது. இன்று அவ்வேதனையைத் தணித்தலைப் பாவமென்பார் அரியர். ஆட்சியைப் பற்றிய தொடர் மட்டும் கட்டளையாய் எஞ்சியது ஏன் என்பது எண்ணத்தக்கது.

ஈண்டு ஒரு தடை நிகழும். துணை என்னும் சொல் தமிழரிடையே சமநிலையையே காட்டிற்று என நாம் பெருமை கொள்ளற்கில்லை. 'வாழ்க்கைத் துணைநலம்' எனப் பெயரிட்ட குறள் அதிகாரத்திலேயே கணவனைத் தெய்வத்தின் மேலாகத் தொழும் மனைவி புகழப்படுகின்றாள். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730 ஆம் ஆண்டில் இலத்தீனில் ஆக்கிய வீரமாமுனிவர் இதனை நன்கறிவார். அவர் 1726 ஆம் ஆண்டில் முடித்த தேம்பாவணி, இச்சிக்கலைத் தமிழ்ப் புலவர் எவரும் காணாத வகையில் அணுகியது என்பது எம் கருத்து.

தேம்பாவணியின் தலைவன் வளன், தலைவி மரியாள். இருவரும் துறவு பூண்ட நெஞ்சினர்; இருவரும் மணக்கின்றனர். 'ஈரறம் பொருத்து படலம்' என்னும் பெயரே முனிவர் செய்ய எண்ணியதைக் காட்டும். இல்லறமும் துறவறமும் ஒரு மனையிற் கூடுகின்றன. பின்னர் மரியாள் கருவுற்றமை கண்டு வளனுக்கு ஐயம் தோன்றுகின்றது. வானவன் உரையால் அது நீங்குகின்றது. ஏவாளால் வந்த கேட்டினை மரியாள் நீக்கினாள் என்பது இரண்டாம் நூற்றாண்டின் இரேனியு காலந்தொட்டு வரும் கொள்கை. தன் மனைவி இத்தகையள் என அறிந்த பின்னரும் வளன் மனையை விட்டு நீங்குகின்றானில்லை.

இதன் அருமை, எம் ஊர்க்கு அணித்தேயுள்ள ஒரு வரலாற்றோடு ஒப்பிடின் விளங்கும். இருப்புப்பாதையில் மணவூரை அடுத்த நிலையம் திருவாலங்காடு. காரைக்காலம்மையார் ஆடலிறைவன் அடிக்கீழ் இருந்த இடம். மாங்கனியால் தன் மனைவியின் பெருமையை உணர்ந்த பரமதத்தன் அஞ்சினான். பிரிந்து சென்று பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். தன் மகளுக்குப் புனிதவதி எனப் பெயரிட்டான். இறுதியில் மனைவி மகளோடும் அம்மையார் அடியில் வீழ்ந்தான். அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியை அம்மையார் உதறினார். சேக்கிழார் காட்டும் உலகில் மனைவி உயர்ந்தவள் எனத் தெரிந்த அளவில் மணம் முறிகின்றது. ஆளவும் இயலாது, துணையாய் நிற்கவும் துணியாத கணவன் ஓடுகின்றான். முனிவரின் வளன் ஓடாமல் நிற்கின்றான். காப்பியத் தலைமைக்கு அவனைத் தகுதியுடையவனாக்குவது அந்நிலையே.

ஆயினும் முனிவர் இதற்கு வாங்கிய விலை பெரிது. கூட்டம் ஒழிந்த மணத்திலன்றோ இந்நிகர்மை கைகூடிற்று? பிள்ளை பெற்று உலைவைக்கும் இல்லாள் ஒருத்திக்குத் தேம்பாவணி தருவது தொழத்தக்க காட்சியேயன்றி வாழத்தக்க வழி அன்று.

கத்தோலிக்கராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவ்வழியைத் தேடினார். பெண்மதி மாலை பாடியவர், பெண்கல்விக்கு வாதாடியவர். 1879 ஆம் ஆண்டில் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், அவர் படைத்த ஞானாம்பாள் கணவனினும் அறிவுடையள். விக்கிரமபுரியின் அரசாட்சியையும் ஏற்கின்றாள். பெண்ணை ஆள்வான் என்ற தொடர்க்கு நேர்மாறாகப் பெண்ணே ஆள்கின்றாள். ஆனால் ஆண் உடை புனைந்தே ஆள்கின்றாள். உருக்கரந்த அவ்வரசு நீங்கியபின் மனைவியாகவே இல்லம் திரும்புகின்றாள். அவளை உரிமைப்பெண் எனக் கொண்டாடும் திறனாய்வாளர் இவ்வுடையைக் கருதாது செல்கின்றனர். முனிவர்க்கு நோன்பு வேண்டியிருந்தது. பிள்ளையவர்கட்கு வேடம் வேண்டியிருந்தது. பெண் பெண்ணாகவும் மனைவியாகவும் இருந்தே துணை என்னும் சொல்லின் முழுப்பொருளைப் பெறும் காப்பியமோ புதினமோ இவ்விருவர் கையிலும் உருவாகவில்லை.

எம் மாணவிக்கு இவ்வளவும் கூறியபின் அவர் மற்றொன்று கேட்டார்: திருமணங்களிற் படிக்கப்பெறும் எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்திலே கீழ்ப்படிதல் ஏவலாகவே உள்ளதே என்றார். உண்மை. ஆனால் மிகப் பழைய கிரேக்க ஏடுகளிற் சிலவற்றில் மனைவியரை விளிக்கும் இருபத்திரண்டாம் வசனத்திற்குத் தனி வினை இல்லை. ஒருவர்க்கொருவர் கீழ்ப்படியுமாறு எல்லாரையும் நோக்கி வந்த முன் வசனத்தின் வினையே அங்கும் சென்று இயைகின்றது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வினையை இருமுறை எழுதினர். எழுதவே, இரண்டாவது தனிக் கட்டளைபோல் நின்றது. அம்மாணவி இப்பொழுது அவ்விரு வசனங்களையும் பழைய தமிழ்ப் பதிப்புக்களில் ஒப்புநோக்கி வருகின்றார். கட்டுரையின் முதற்படியைத் தம் தமக்கைக்கே அனுப்பப் போவதாகக் கூறினார்.