வாசற்படி வாங்கிய கைம்பெண்: லூ சுன் கதையில் மணமும் படையலும்

சீனத்தின் புதிய இலக்கியத்துக்கு அடிகோலிய லூ சுன் (1881-1936) 1924-இல் எழுதிய கதையொன்று, ஆங்கிலத்தில் ‘புத்தாண்டுப் பலி’ என்னும் பெயரால் வழங்கி வருகிறது. சீனத் தலைப்பின் பொருள் ‘நல்வாழ்த்து’ என்பதாகும். வரும் ஆண்டுக்கு நற்பேறு வேண்டி ஆண்டிறுதியில் வீடுதோறும் இடும் படையலுக்கு அப்பெயர். மூடப்பழக்கத்தைச் சாடும் கதை என்று இதனை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவோர் பலர். அவர்கள் இக்கதையில் வரும் சடங்குகளை ஊன்றிப் பார்த்திலர் என்றே கருத வேண்டியுள்ளது.

கதைத்தலைவிக்குச் சொந்தப் பெயரே இல்லை. ‘சியாங்லின் சாவ்’ என்று ஊரார் அழைக்கின்றனர். சியாங்லின் என்பது இறந்த கணவன் பெயர். ‘சாவ்’ என்பது அண்ணன் மனைவியைக் குறிக்கும் முறைப்பெயர். ஆங்கிலத்தில் இது ‘சியாங்லின் மனைவி’ என ஆகிவிட்டது. நமக்கோ ‘அண்ணி’ என்னும் அருமையான சொல் இருக்கிறது. அவள் வேறொருவனை மணந்து, அவனையும் இழந்து திரும்பி வந்த பின்பும், ஊர் அவளை முதற் கணவன் பெயராலேயே அழைப்பது கருதத்தக்கது.

சீனரின் பழைய திருமண முறை ஆறு படிகளை உடையது. பெண் கேட்டல், பெயர் வினவல், குறி பார்த்தல், பரிசம் அனுப்புதல், நாள் குறித்தல், மணமகன் நேரில் சென்று அழைத்து வருதல் என ‘யீ லீ’ என்னும் தொன்னூல் அவற்றை முறைப்படுத்துகிறது. பெண் வீட்டைப் பெருமைப்படுத்த எழுந்த பரிசம், இக்கதையில் என்னவாகிறது என்று பாருங்கள். வேலைக்கு ஓடி வந்த மருமகளை மாமியார் பிடித்துச் செல்கிறாள். அவள் சேர்த்து வைத்திருந்த 1,750 காசையும் வாங்கிக்கொள்கிறாள். மலைச்சிற்றூரில் உள்ள ஒருவனுக்கு அவளைக் கொடுத்து 80,000 காசு பெறுகிறாள். அதில் 50,000 காசு, இளைய மகனுக்குப் பெண் கொள்ளச் செலவாகிறது. ஒரு பெண்ணின் விலையில் மற்றொரு பெண்ணுக்குப் பரிசம்!

அத்திருமணத்தை ஆசிரியர் நேரே காட்டவில்லை. வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் வெய் கிழவி, புத்தாண்டு வாழ்த்துக் கூற வந்த இடத்தில், குடிமயக்கத்தோடு அதனைச் சொல்கிறாள். கயிற்றால் கட்டி, மணப்பல்லக்கில் திணித்து, வழியெல்லாம் கதறியவளைக் கொண்டு போனார்களாம். விண்ணையும் மண்ணையும் வணங்கும் சடங்குக்கு ஆண்கள் பிடித்து அழுத்தியும் அவள் பணியவில்லை. பிடி தளர்ந்ததும் ஊதுவத்தி மேசையின் மூலையில் தலையை மோதிக்கொண்டாள். இரண்டு பிடி ஊதுவத்திச் சாம்பல் அப்பியும் குருதி நிற்கவில்லை. கிழவிக்கு இஃது ஒரு வேடிக்கை. வரவு செலவுக் கணக்கையும் அதே மூச்சில் ஒப்பிக்கிறாள். கண்ணீர் வரவழைக்கும் வருணனை எதுவும் இந்த அரட்டைக்கு ஈடாகாது.

அவள் ஏன் பணியவில்லை? சடங்கை வெறுத்தாள் என்பது பொருந்தாது. கைம்பெண் மறுமணம் செய்தல் தகாது என்பது அவள் வேலை செய்த வீட்டுத் தலைவர் போற்றும் பழைய நெறி. அவர் ஏட்டில் கற்ற நெறிக்காக நெற்றி பிளந்து குருதி சிந்தியவள் அவளே. ஆயினும், இரண்டாம் கணவனும் மாண்டு, மகனையும் ஓநாய் கவ்விச் சென்றபின் அவள் அவ்வீட்டுக்கே மீண்டபோது, படையற் பொருளை அவள் தொடலாகாது என்று விதித்தவரும் அவரே. முன்னர், வெறுங் கைம்பெண்ணாய் இருந்த காலத்தில், ஆண்டிறுதிப் படையலுக்குரிய கோழியும் வாத்தும் அறுத்துச் சமைத்தது முழுவதும் அவள் ஒருத்திதான். அந்நாளில் அவள் முகத்தில் மலர்ச்சியும் இருந்தது. ‘அமங்கலி’ என்றொரு சொல்லை வைத்திருக்கும் நமக்கு இவ்விலக்கின் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை.

இனி வாசற்படி. நரகில் இரு கணவரும் அவளுக்காகப் போரிடுவர், யமன் அவளை அறுத்துப் பங்கிடுவான் என்று லியூ என்னும் வேலைக்காரி அச்சுறுத்துகிறாள். கோயிலுக்கு ஒரு வாசற்படி கொடுத்தால், ஆயிரம் பேர் மிதிக்கும் அது அவளுக்கு ஈடாக நின்று பாவம் தீர்க்கும் என்று கழுவாயும் கூறுகிறாள். சியாங்லின் சாவ் ஏறத்தாழ ஓராண்டு உழைத்துப் பெற்ற கூலியை 12 வெள்ளியாக மாற்றிக் கொடுத்து வருகிறாள். அன்று அவள் கண்ணில் ஒளி தோன்றுகிறது. குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில், முன்னோர் படையலுக்குக் கிண்ணங்களை எடுக்கத் துணிந்து செல்கிறாள். வீட்டம்மாள் தடுக்கிறாள். சுட்டதுபோல் கை மீள்கிறது.

மூடநம்பிக்கையே அவளைக் கொன்றது என்பார், இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அச்சத்தைத் தந்ததும் பாமரர் நம்பிக்கை. ஆறுதலைத் தந்ததும் அதுவே. கோயில் ஏற்றுக்கொண்ட கழுவாயைக் கற்றவர் வீடு ஏற்கவில்லை. அவள் உயிர் அன்றே போயிற்று. உடல் மட்டும் சில ஆண்டு அலைந்து, பிச்சையெடுத்து, ஊர் நற்பேறு வேண்டும் வேளையில் விழுந்தது.

1956-இல் சியா யன் திரைக்கதை எழுத, சாங் ஹூ இயக்கி இது படமாயிற்று. அதில் சியாங்லின் சாவ் கத்தி எடுத்துச் சென்று வாசற்படியை வெட்டுகிறாள். அவளைக் கலகக்காரி ஆக்கும் ஆர்வம் புரிகிறது. ஆயினும் கதைக்கு இஃது இழுக்கே. லூ சுன் படைத்தவள் இறுதியில், ஊருக்கு வந்த படித்தவன் ஒருவனை வழிமறித்து, இறந்தபின் ஆவி உண்டா என்றுதான் கேட்கிறாள். உண்டெனின் மகனைக் காணலாம். ஆனால் அறுபடவும் வேண்டும். அப்படித்தவனோ உறுதியாகச் சொல்ல முடியாதென்று மழுப்பிவிட்டு விரைந்து நடக்கிறான்.