வெட்டிக்கு வந்த எந்திரன்

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியக்கருக்கலில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. '2.0' படம் 29ஆம் தேதி வெளியானது. இடையில் 13 நாள். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் தெருவில் அன்றைக்கும் கரண்ட் இல்லை. கம்பமெல்லாம் வயலில் குப்புறக் கிடந்தது. செல்போன் செத்த எலி மாதிரி சட்டைப்பையில் கிடந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் போனுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். அந்த நிலையிலும் ஆறு பேர் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். "கூரையில ஓல இல்ல, படம் கேக்குதா ஒங்களுக்கு" என்று திட்டத்தான் செய்தார்கள். போனவர்களில் நானும் ஒருத்தன். அதை மறைக்கிற உத்தேசம் இல்லை. சிட்டிக்காக எட்டு வருஷம் காத்திருந்தவர்கள் நாங்கள்.

படம் தொடங்கியதும் சென்னையில் உள்ள செல்போனெல்லாம் பறந்து போய்விடுகிறது. நகரமே அலறுகிறது, மந்திரி கூட்டம் போடுகிறார். பக்கத்தில் இருந்த தம்பி சத்தமாகவே சொன்னான்: "நமக்கு 13 நாளாச்சு பறந்து போயி. எவன் கூட்டம் போட்டான்?" அந்தப் படத்தில் நாங்கள் மனசு விட்டுச் சிரித்த இடம் அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே புலம்பல். கிராபிக்ஸ் இருக்கு, கதை இல்ல. பாட்டு இல்ல. சுஜாதா இல்ல, அதான் இப்படி. சுஜாதா 2008 பிப்ரவரியில் இறந்தார். 2010 அக்டோபர் 1இல் வந்த 'எந்திரன்' வசனத்தில் அவர் கை இருந்தது. '2.0' ஷங்கரோடு ஜெயமோகன் எழுதியது. ஊர் ரசிகன், தெரு ரசிகன் என்ற பேதமில்லாமல் எல்லோரும் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தன் சொன்னான்: "பழைய சிட்டி இல்லடா இவன்." அந்த வார்த்தை மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

பழைய சிட்டி யார்? சமைப்பான். படிக்க உதவுவான். எசமானனின் காதலிக்குக் காவலாகப் போவான், ரயிலில் அடியாட்களோடு மல்லுக்கட்டுவான். அவள் அக்காளுக்குப் பிரசவம் பார்ப்பான். கூலி கிடையாது, ஓய்வு கிடையாது, சொன்னதைச் செய்யணும். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவனுக்கு இந்த ஆளை அடையாளம் தெரியாமல் போகுமா? இவன் பண்ணையாள். 'ரோபோ' என்ற சொல்லே செக் மொழியில் குடியானவனிடம் வாங்கிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரோபோட்டா'விலிருந்து வந்தது. காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகம் அதை உலகத்துக்குக் கொடுத்தது. நம்ம சோழர் கல்வெட்டில் அதற்குச் சொல் 'வெட்டி'. ஆக, 'எந்திரன்' என்று தூய தமிழில் பேர் வைத்ததற்கு 'வெட்டியாள்' என்று வைத்திருந்தால் மூலத்துக்கு இன்னும் பக்கமாக இருந்திருக்கும். வரிவிலக்கு கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இந்தப் பண்ணையாள் ஒரு நாள் ஆசைப்படுகிறான். எசமானனே அவனுக்கு உணர்ச்சியைக் கொடுக்கிறார், அந்த உணர்ச்சி தன் வீட்டுப் பெண் மேல் திரும்பியதும் அவருக்குத் தாங்கவில்லை. ராணுவ அதிகாரிகள் முன்னால் அவன் காதல் பேசி மானத்தை வாங்கியபிறகு கோடாலி எடுத்துக் கண்டந்துண்டமாக வெட்டிக் குப்பைமேட்டில் கொட்டுகிறார். 2010இல் தியேட்டரில் இந்தக் காட்சி வந்தபோது எங்கள் பக்கம் கப்சிப் என்றாகிவிட்டது. யாரும் விசில் அடிக்கவில்லை. வேற தெருப் பெண்ணைப் பார்த்ததற்காக வெட்டிப் போடப்பட்டவர்களின் கதை எங்களுக்குச் செவிவழிச் செய்தி கிடையாது. ஷங்கர் இதை நினைத்து எடுத்தாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பிரதி ஆசிரியனை மீறிப் பேசிய இடம் அது. கடைசியில் கோர்ட்டு தீர்ப்புப்படி சிட்டி தன் கைகாலைத் தானே கழற்றி வைக்கிறான். 2030இல் காட்சிசாலையில் கிடக்கும் அவனிடம், ஏன் உன்னைக் கழற்றினார்கள் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கிறது. சிந்திக்கத் தொடங்கியதால் என்கிறான். சாணிப்பாலும் சவுக்கடியும் எதற்கு விழுந்தன என்று 1940களில் பி. சீனிவாசராவோடு செங்கொடி பிடித்த தாத்தாக்களைக் கேட்டிருந்தால் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. சிட்டிக்கு அதுவும் வரவில்லை.

ஆனால் பழைய படத்தின் மேல் உள்ள நம் ஏக்கத்தையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. அம்மன் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர்கள் அதில் யார்? படிக்கிற பெண்ணுக்கு இடைஞ்சல் செய்யும் ரவுடிகள். சேரியின் சத்தம் இரைச்சல், அதை அடக்க எந்திரம் வரவேண்டும். ரேடியோ செட் கட்டிப் பிழைக்கிற எங்கள் தெருப் பையன்களே அந்த அடிக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம் அந்தத் தீ. எரிகிற கட்டிடத்திலிருந்து குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கி வருகிறான்; வெட்கம் தாளாமல் ஓடி லாரியில் அடிபட்டுச் சாகிறாள். தீயில் பெண்ணின் உயிரைவிட மானம் பெரிது என்று சொல்லும் காட்சியை, 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணிக் குடிசையில் 44 பேர் எரிந்துபோன மண்ணில் உட்கார்ந்து பார்த்தோம். அதைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கூத்துதான். 1977இல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' தொடரின் ரசிகர்கள் ஒவ்வொரு புதுப் படத்துக்கும் பழசு போச்சே என்று அழுகிறார்கள். அவர்கள் ஏங்கும் அந்த முதல் படத்தில் ஒரு சாராயக்கடை வருகிறது. கடைக்காரன் இரண்டு ரோபோக்களை உள்ளே விடமாட்டேன் என்கிறான்; கதாநாயகன் மறுபேச்சில்லாமல் அவற்றை வெளியே நிற்கச் சொல்கிறான். டீக்கடை வாசலில் சிரட்டையோடு நின்ற வம்சத்துக்கு அந்தக் கடை ரொம்பத் தெரிந்த கடை.

இப்போது '2.0'க்கு வருகிறேன். அரசாங்கம் அனுமதித்ததும் சிட்டியை எடுத்து ஒட்டுகிறார்கள். எழுந்தவன் ஒரு கேள்வி கேட்கவேண்டாமா? என்னை ஏன் வெட்டினீர்கள், ஏன் கழற்றச் சொன்னீர்கள், இப்போது மட்டும் எதற்குக் கூப்பிட்டீர்கள்? ஒன்றும் இல்லை. ஆண்டை கூப்பிட்டார், ஆள் வந்துவிட்டான். அவன் கோபத்தையெல்லாம் பக்ஷிராஜன் என்ற பறவையியல் பெரியவருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சிட்டுக்குருவிக்காக அழுகிறார், செல்போன் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறார். அழட்டும், எனக்கும் குருவி பிடிக்கும். ஆனால் 1960களில் பேக்கேஜ் திட்டம் வந்து எண்ட்ரின் தெளித்தபோது வயலில் நண்டும் நத்தையும் கெளுத்தியும் செத்து மிதந்தன. மூக்கில் துணிகூடக் கட்டாமல் தெளித்தவர்கள் எங்கள் ஆட்கள். அந்த மூச்சுக்கு எந்த விஞ்ஞானக் கதையிலும் ஆவி எழுந்து வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே ரஜினி, அதே 2018 ஜூன் மாதம், பா. ரஞ்சித்தின் 'காலா'வில் நிலம் எங்கள் உரிமை என்று நின்றார். எங்கள் தெருவில் கொண்டாடினோம். ஊர்ப்பக்க ரசிகர்கள் அது 'தலைவர் படம் மாதிரி இல்ல' என்றார்கள். ஆறு மாதத்தில் சொன்ன பேச்சுக் கேட்கிற சிட்டியாக அவர் திரும்பியபோதும் ஏமாற்றம் என்றார்கள். இரண்டும் ஒரே ஏமாற்றமா?

எங்கள் ஊருக்கு எந்திரன் எப்போதோ வந்துவிட்டான். நஞ்சையில் இறங்க பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. பத்துப் பெண்கள் நாள் முழுக்க அறுப்பதை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். அறுப்பு, கட்டு தூக்கல், களத்தில் போரடி எல்லாம் போச்சு; கூலியாக வந்த நெல்லும் போச்சு, அதனால் வீட்டில் குதிரும் போச்சு. அந்த எந்திரன் சிந்திக்கவும் இல்லை, காதலிக்கவும் இல்லை. அவனை யாரும் வெட்டவும் மாட்டார்கள்.

அன்று ராத்திரி வீடு திரும்பியபோது அப்பாயி சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழித்திருந்தது. 'எந்திரனை' இலவச டிவியில் பார்த்த ஆள் அது. கையைக் கழட்டு என்றதும் கழட்டிக் கொடுக்கிறானே, இவனுக்கு யாருமே இல்லியா என்று அன்றைக்கே கேட்டது.

"என்னடா படம்?"

"அந்தச் சிட்டி திரும்ப வந்துட்டான் அப்பாயி."

அப்பாயி விளக்கைக் கொஞ்சம் தணித்தது.

"அவுங்க ஊட்டுக்கேவா போனான்?"