சி மொழியின் சீர்தர உள்ளீட்டு வெளியீட்டு நிரலகம்: ஒரு விமர்சனம்

சி நிரல் ஒன்று இயங்கத் தொடங்கும்போதே சீர்தர உள்ளீடு, சீர்தர வெளியீடு, சீர்தரப் பிழை ஆகிய மூன்று தாரைகள் அதற்குத் திறந்து தரப்படுகின்றன. இவற்றைக் கையாளும் நிரலகம் எஸ்டிடிஐஓ எனப்படுகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் எழுதிய உள்ளீட்டு வெளியீட்டுத் தொகுப்பு இதன் முன்னோடியாகும். டென்னிசு ரிட்ச்சி அதனை மாற்றி எழுதினார். 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது இடம்பெற்றது. 1989 ஆம் ஆண்டின் சி சீர்தரமும் இதனை ஏற்றுக்கொண்டது.

செயற்படும் விதம்

ஒவ்வொரு தாரைக்கும் "ஃபைல்" என்னும் கட்டமைப்பு உண்டு. பஃபர் எனப்படும் இடையகத்தின் முகவரி, அடுத்த எழுத்துக்கான இடம், கோப்பின் எண், நிலைக்குறிகள் போன்றவை அதில் இருக்கும். எழுத்துகள் முதலில் இடையகத்தில் சேர்கின்றன. அது நிரம்பிய பின்னரே இயக்குதளத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. ஓர் இலட்சம் எழுத்துகளை ஒவ்வொன்றாக அனுப்ப ஓர் இலட்சம் முறைமை அழைப்புகள் தேவை. 1024 பைட்டு இடையகம் இருந்தால் 98 அழைப்புகள் போதும். நிரலகத்தின் பெருவெற்றி இதுவே.

குறைகள்

இதே இடையகம்தான் பிழை நேரும் கணத்தையும் மறைக்கிறது. "பிரிண்ட்எஃப்" வெற்றி என்று திருப்பித் தரும் எண், எழுத்துகள் இடையகத்தை அடைந்ததையே பெரும்பாலும் குறிக்கும். அவை கோப்பை அடைந்தன என்று பொருளல்ல. லினக்சில் "டெவ்/ஃபுல்" என்னும் சாதனக் கோப்பில் எதை எழுதினாலும் இடமில்லை என்ற பிழையே வரும். ஒரு வரி அச்சிடும் எளிய நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பினால், நிரல் முடியும் வேளையில்தான் எழுதும் முயற்சி தோல்வியடைகிறது. ஆனால் நிரலோ வெற்றிக்குறியான 0 உடன் முடிகிறது. வட்டு நிரம்பிய கணினியில் பயனரின் தரவு இவ்வாறே ஓசையின்றி இழக்கப்படலாம்.

இடையகத்தின் நடத்தை வெளியீடு செல்லும் இடத்தைப் பொறுத்தும் மாறுகிறது. பொதுவாக, முனையத்தில் வரிக்கு வரி தோன்றும் செய்திகள், கோப்புக்குத் திருப்பப்பட்டால் இடையகம் நிரம்பும்வரை காத்திருக்கும். அதற்குள் நிரல் முறிந்தால் கடைசிச் செய்திகள் அழிந்துவிடும்; மாணவர் பிழையைத் தவறான வரியில் தேடுவார். சீர்தரப் பிழைத் தாரை முழு இடையகமின்றி வைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

"கெட்ஸ்" செயற்கூறு வேறு வகைத் தவறு. பெறும் இடத்தின் அளவை அது கேட்பதே இல்லை. 1988 இல் மோரிசு புழு, "ஃபிங்கர்" சேவையில் இருந்த இந்த ஓட்டையைப் பயன்படுத்திப் பரவியது. அடுத்த ஆண்டு வந்த சீர்தரமோ அதனைச் சேர்த்துக்கொண்டது. 2011 ஆம் ஆண்டுச் சீர்தரத்தில்தான் அது நீக்கப்பட்டது.

மதிப்பீடு

இடையகம் குறையன்று, அது இல்லாவிட்டால் நிரல்கள் மிக மெதுவாகும். தோல்வியைத் தாமதமாக அறிவிப்பதும், முடிவில் அறிவிக்காமலே விடுவதும்தான் குறை. நிரலகத்தை எவ்வளவு செம்மையாக எழுதினாலும் சீர்தரம் வகுத்த இடைமுகத்துக்குள் இதனை முழுமையாகத் தீர்க்க இயலாது. எனவே பொறுப்பு நிரலாளரிடமே வந்து சேர்கிறது. முடிக்கும் முன் "எஃப்ஃப்ளஷ்", "எஃப்குளோஸ்" ஆகியவை தரும் விடையைச் சோதிக்க வேண்டும். குனூவின் அடிப்படைக் கட்டளைகள் வெளியேறும்போது இச்சோதனையைச் செய்கின்றன. சி மொழிப் பாடங்களின் முதல் நிரலில் இச்சோதனை பொதுவாக இடம்பெறுவதில்லை.